எண் இல்லாத பலா

கண்ணகியக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதைத் தட்டச்சு செய்தவன், தோட்டப் பிரிவில் கான்ட்ராக்ட் எழுத்தராக இருக்கிற நான். இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளுக்கான பொழுதுபோக்குப் பட்டியல் அது. விடியற்காலையில் பறவை பார்த்தல், யோகா, இறகுப்பந்து, மாலை ஏழு மணிக்கு விருந்தினர் மாளிகைக்குப் பின்னால் நட்சத்திரம் பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம். கீழே ‘விருப்பமுள்ளவர்கள் மட்டும்’ என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னார்கள். சுரங்கத்து விளக்கும் அனல்மின் நிலையத்துப் புகையும் உள்ள நெய்வேலியில் வானம் பார்க்கக் கூப்பிடுகிறார்களே என்று அன்றைக்குச் சிரித்தேன்.

அக்காவுக்கு ஐம்பத்தோரு வயது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து காலை ஐந்தரைக்கெல்லாம் சைக்கிளில் வந்துவிடுவார். பத்தொன்பது வருடமாக நகரியத் தோட்டங்களைக் கூட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. இதற்குள் ஆறு கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் புது போட்டோ, புது பாஸ், நேற்றுச் சேர்ந்தவரிடம் கேட்கிற கேள்விகள். பர்மனென்ட் ஆகும் ஆசையை எப்போதோ கைகழுவிவிட்டார். வாய் மட்டும் அடங்காது. மேஸ்திரியிடம் மல்லுக்கட்டி, கூட்டுகிற பெண்களுக்குப் பத்தரை மணி டீ வாங்கித் தந்தது அவர்தான்.

அந்த டீயை உட்கார்ந்து குடிக்க ஓர் இடம் வேண்டுமே. மாளிகை வாசலில் உட்கார்ந்தால் விரட்டுவார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால், பின்பக்க மோட்டார் கொட்டகை ஓரத்தில் ஒரு பலாக்கொட்டையைப் புதைத்தார் அக்கா. புல்லுக்குத் தண்ணீர் விடுகிற குழாயை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தே வைப்பார். எட்டாம் வருடம் காய்த்தது. அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து உட்காருகிற நிழலும் ஆகியிருந்தது.

இங்கே மரங்களுக்கு எண் உண்டு. தண்டில் சுண்ணாம்பு பூசிக் கறுப்புப் பெயின்டில் போடுவார்கள். எண் விழுந்த பலாவும் முந்திரியும் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் காவலுக்கு ஆள் போடுவார். வருடமெல்லாம் அதன் சருகைக் கூட்டியவளுக்கு ஒரு சுளைகூடக் கிடைக்காது. அதனால் இந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம். எண் போட ஆள் வருகிறார் என்று தெரிந்தால், தங்கள் மரத்தின் தண்டைச் சுற்றிப் பழைய சாக்கையும் ஓலையையும் சாய்த்து மறைத்துவிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் நோட்டும் கையுமாகப் போனவன் நான். சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டேன்.

“இத வுட்டுடுங்க சார். ஏலத்துல போச்சின்னா நாங்க வாயப் பாத்துகினு நிக்கணும்” என்றார் அக்கா.

விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் செய்தித்தாளில் சுற்றிய சுளைகள் என் மேசைக்கு வந்தன. நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

மாநாடு தொடங்குவதற்கு முதல் நாள், தொலைநோக்கி கொண்டுவந்த சுதாகர் இடத்தைப் பார்த்தார். மேற்கில் வெள்ளிக் கோளை இந்தப் பலா மறைக்கும், முப்பது அடி தள்ளி வைத்துக்கொள்கிறேன் என்றார். அவர்மேல் குற்றமில்லை. முடியாது என்றவர் எங்கள் சூப்பர்வைசர் பரமசிவம். கம்பளம் விரித்தாகிவிட்டதாம், அறுபது நாற்காலி போட்டாகிவிட்டதாம், பேனரும் கட்டியாகிவிட்டதாம். என்னை மரப் பதிவேட்டோடு வரச் சொன்னார்.

“நம்பர் இருக்கா?”

“இல்ல சார்.”

“இருந்தாத்தான் கமிட்டி, பர்மிஷன்னு பதினஞ்சு நாள் அலையணும். நம்பர் இல்லன்னா மரமே இல்ல. அறுக்கச் சொல்லு.”

அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மரத்தில் பதினொரு காய் தொங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் குரலை உயர்த்துகிறவர், அன்றைக்கு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

“பெயின்ட் டப்பா ஒங்க ரூம்லதான இருக்குது? இப்பவே ஒரு நம்பரப் போட்டுடுங்க சார். ஏலத்துல போனா போவட்டும். எங்களுக்கு ஒரு சொளையும் வாணாம். மரம் நின்னா போதும்.”

டப்பா இருந்தது. பிரஷ்ஷும் இருந்தது. பதிவேட்டில் கடைசி எண் 4212. அடுத்த வரியில் 4213 என்று எழுத அரை நிமிடம் ஆகாது. பரமசிவம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் மாறுகிறது, யாரை வைத்துக்கொள்வது என்று பட்டியல் கொடுக்கப்போவது அவர். நான் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

மிஷின் ரம்பத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது. வெட்டுவாயிலிருந்து பால் வடிந்துகொண்டே இருந்தது. காய்களை மாளிகைச் சமையல்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளையையும் தழையையும் கண்ணில் படாமல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் மாலை நட்சத்திரம் பார்க்க டிக் போட்டிருந்தவர்கள் மூன்று பேர். ஏழு மணிக்கு ஒருவரும் வரவில்லை. முன்பக்கம் நடன நிகழ்ச்சி, அதை ஒட்டிச் சாப்பாடு. ஏழரைக்கு ஒருவர் வந்தார். இங்கே போனுக்கு சிக்னல் கிடைக்குமா என்று கேட்டார், பேசினார், போய்விட்டார். விருப்பமுள்ளவர்கள் மட்டும்தானே! அறுபது காலி நாற்காலிக்கு முன்னால் சுதாகர் தனியாக நின்றார். வெள்ளி நன்றாகத் தெரிகிறது, நீங்களாவது பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். அந்தக் கருமத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ‘உள்ளூர்ப் பலாக்காய் பிரியாணி’ என்று அட்டை வைத்திருந்தார்கள். இயற்கையைக் காக்க வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் காலை மாநாட்டு அறிக்கைக்கு நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘மாநாட்டுக்காக வெட்டப்பட்ட மரங்கள்’ என்று ஒரு வரி. ‘இல்லை’ என்று போடச் சொன்னார் பரமசிவம். பதிவேட்டின்படி அது பொய்கூட இல்லை. தட்டிக்கொண்டிருந்தபோது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அக்கா உள்ளே வந்தார். விரல்களில் பலாப்பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது.

“என்னா சார் எழுதிகினு இருக்கீங்க?”

படித்துக் காட்டினேன். ஏன் படித்தேன் என்று தெரியவில்லை, மறைத்திருக்கலாம்.

“அப்ப விடியறதுலேர்ந்து நா நாலு வண்டி வாரிக் கொட்டனது என்னாங்க சார்?”

மூன்று பிரதி எடுத்துப் பரமசிவத்தின் கையெழுத்துக்கு வைத்தேன்.