மூன்றாவது ராஜாவும் என் பத்து மணி மீட்டிங்கும்

என் லேப்டாப்பில் ஆபீஸ் ஆப்பை இறக்கி வைத்தால் அது மூச்சு வாங்கும். மூச்சு என்றால் லேசான மூச்சு இல்லை, மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற சத்தம். எங்கள் ஆபீஸ் அடையாறில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் பாடம் தயாரிக்கிற சின்ன ஆபீஸ். புது லேப்டாப் "வந்துக்கிட்டே இருக்கு" என்று நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். ஆகவே சாட்டும் மீட்டிங்கும் எனக்கு பிரவுசர் வழியாகத்தான். மற்றவர்கள் முன்வாசலில் வர, நான் மட்டும் பின்கட்டு வழியாக நுழைகிறவள்.

பின்கட்டு வழியாக வருகிறவளுக்குச் சில சலுகைகள் கிடையாது. அதில் முக்கியமானது, பின்னணியை மங்கலாக்குவது, மாற்றுவது. எங்கள் டீமில் ஒருத்திக்குப் பின்னால் எப்போதும் கடல். இன்னொருவருக்குப் பின்னால் வெள்ளைக்காரன் வீட்டுப் புத்தக அலமாரி. எங்கள் மேனேஜருக்குப் பின்னால் ஒரு பெரிய பச்சை இலை, வேளச்சேரியில் அப்படி ஒரு இலையை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பின்னால் மட்டும் எங்கள் வீடு உள்ளது உள்ளபடி தெரியும். மயிலாப்பூரில் மாதா கோவிலுக்குப் பின்சந்தில், மாடி வீடு. ஹாலில் ஒரே ஒரு மூலையில்தான் நெட் ஒழுங்காக எடுக்கும். டிசம்பர் பிறந்தால் அதே மூலையில்தான் டாடி கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்.

"நெட்டு இந்த வீட்டுக்கு நேத்து வந்தது. குடில் எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான்" என்பார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் மாதா கோவில் பங்கிலேயே கிடையாது.

எங்கள் வீட்டுக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மாடு, கழுதை, இடையர்கள் எல்லாம் முதல் நாளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களும் அவர்கள் ஒட்டகமும் மட்டும் வரமாட்டார்கள். அவர்கள் கிழக்கேயிருந்து வரவேண்டும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கு, ஃப்ரிட்ஜ். அதன் தலையிலிருந்து கிளம்பி, டிவி ஸ்டாண்டு, தையல் மெஷின், புத்தக அலமாரி என்று தினம் ஒரு சாண் நகர்ந்து, ஜனவரி ஆறாம் தேதி மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைவார்கள். பங்கில் அந்த ராஜாக்கள் திருநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். டாடி மாற்றவில்லை.

காலைப் பூசை முடிந்து, டிபன் சாப்பிட்டு, பேப்பர் படித்து, டாடி ராஜாக்களை நகர்த்த வருகிற நேரம் சரியாக என் பத்து மணி மீட்டிங் நேரம். கேமராவில் விழக்கூடாது என்று நான் கெஞ்சியதால் தவழ்ந்து வருவார். அதனால் டீம் தினமும் கண்ட காட்சி இது: ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் நிலவரத்தை நான் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்ல, என் தோளுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை மெல்ல மிதந்து போகும். போன வழியே திரும்பும். யாரும் வாய் திறக்கவில்லை. மரியாதை என்று அப்போது நினைத்தேன். மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இப்போது அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் எங்கள் சவுண்டு ஆள். நான் பாடங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்புவேன், அவர் கே.கே. நகரில் தன் வீட்டில் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வார். அவருடைய கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. மீட்டிங்கில் அவர் ஒரு பச்சை வட்டம், அதற்குள் ஓர் எழுத்து. அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீஸ் முக்கால்வாசி காலி, எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் லேப்டாப்பின் மிக்ஸி சத்தம் பதிவில் விழுகிறது என்று ஒருமுறை வீட்டுக்கு ஒரு ஹெட்செட்டைக் கூரியரில் அனுப்பினார். எங்களுக்குள் பழக்கம் அவ்வளவுதான், டிசம்பர் வரைக்கும்.

டிசம்பரில் ஒருநாள், மீட்டிங் நடுவே, தனி சாட்டில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்த மூணாவது ராஜா செட்டியார் பொம்மைதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். எங்கள் மூன்றாவது ராஜா, வீடு மாறியபோது காணாமல் போய்விட்டார். டாடி மாட வீதிக்குப் போய், கொலு சீசன் முடிந்த கடையில் அலசி, தொந்தியும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்கிற செட்டியார் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜோடியில் செட்டியாரம்மா உடைந்துபோனதால் ஐயாவை மட்டும் கடைக்காரர் மலிவாகத் தள்ளிவிட்டிருக்கிறார். டாடி அவருக்கு ஜிகினா காகிதத்தில் ஒரு கிரீடம் ஒட்டினார். "பாவம், பொண்டாட்டிய பறிகொடுத்த துக்கத்துல பெத்லகேம் கிளம்பிட்டாரு" என்று மம்மி சொல்லாத கிறிஸ்துமஸ் இல்லை. வருஷக்கணக்காக எங்கள் வீட்டுக்கு வருகிற கோவில் உபதேசியார்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு கொலுவுல அவரு வருஷா வருஷம் மளிகைக் கடை வெச்சிக்கினு கீறாரு. எனக்குத் தெரியாதா? ஆனா தினமும் ஒரு சாண் நகருறாரே, அதான் இன்னான்னு புரியல."

நான் மீட்டிங்கில் சிரித்துவிட்டேன். அப்போது மேனேஜர் பேசிக்கொண்டிருந்தது, ஆட்களைக் குறைப்பது பற்றி.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது பித்து. பிரவுசரில் அந்த டேபின் தலையில், புதுச் செய்தி வந்தால் ஓர் எண் முளைக்கும். அந்த எண்ணுக்காக உயிர் வாழ்ந்தேன் என்றால் மிகையில்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் கண் அந்த டேபின் மேல். எண் முளைத்தால் எனக்குள் மாதா திருவிழா பேண்டு வாசிக்கும். திறந்து பார்த்தால் பாதி நேரம் மேனேஜரம்மா, "அந்த ஃபைல் என்னாச்சு?" என்றிருப்பார். அந்தம்மாவை அப்போது கொன்றுபோடலாம் என்றிருக்கும். மீதி நேரம் அவர். "தையல் மெஷின் தாண்டியாச்சா?" "ஒட்டகம் இன்னிக்கு சைடா பாக்குது, டாடிக்கு மூட் சரியில்லயா?" டீமில் அத்தனை பேர் பார்த்தும், ஒட்டகத்தின் மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒருநாள், "நீங்க மூச்சு விடுற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று எழுதினார். பாடப் பதிவைப் பற்றித்தான். எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. மம்மி பார்த்த வரன்களில் பாதிப்பேரை நான் வேண்டாம் என்றேன், மீதிப்பேர் என்னை. அந்தக் கடையைச் சாத்தியாகிவிட்டது என்று மம்மிகூட நம்ப ஆரம்பித்திருந்த நேரம் அது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, முகம் பார்க்காமலே. அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, அல்லது பொம்மையை மட்டுமா என்பதுதான் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி துணிச்சல் வந்தது. மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது. தனி சாட்டில் அவர், "ராஜாங்க எங்க கீறாங்க?" என்கிறார். என் திரையோ சின்னது. மீட்டிங் ஓடும்போது வலதுபக்கம் ஒரு பெட்டி, இடதுபக்கம் ஒரு பெட்டி. ஒன்று அவருக்கு, ஒன்று ஊருக்கு. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். நான் தட்டினேன்:

"வாசல்ல நிக்கிறாங்க. நாளைக்கு உள்ள வந்துடுவாங்க. நீங்க எப்போ வரப்போறீங்க?"

பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அது விரல் தவறி விழுந்தது என்று பிறகு பலரிடம் சொன்னேன். தவறவில்லை.

மேனேஜர் பேச்சை நிறுத்தினார். கடல்காரி வாயைப் பொத்தினாள். "யாரு எங்க வரணும்?" என்றார் புத்தக அலமாரி. அதற்குள், "நானும் வரலாமா?" என்று ஒருவர் அடியில் எழுதிவிட்டார். ஊர்ப் பெட்டி! பதறிப்போய் அந்த வரியின் ஓரத்திலிருந்த மூன்று புள்ளியை அழுத்தினேன். ஒரு பட்டியல் இறங்கியது. அதில் 'நீக்கு' என்று நினைத்து நான் அழுத்தியது, மறக்கக்கூடாத செய்தியை எல்லாருக்கும் தெரிய மேலே குத்திவைக்கிற பொத்தான். என் கேள்வி விறுவிறுவென்று ஏறி, திருவிழாக் கொடி மாதிரி உச்சியில் போய் நின்றது, இதயத்தோடு.

பச்சை வட்டத்தைத் தேடினேன். காணோம். அவர் மீட்டிங்கை விட்டே போய்விட்டிருந்தார்.

லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். வயிற்றுவலி என்று மேனேஜருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். தட்டிவிட்டு போனை அணைத்தேன். மம்மியிடமும் அதையே சொல்லிப் படுத்தேன். வேலையை விட்டுவிடலாம், வேறு ஊருக்குப் போய்விடலாம், கன்னியாஸ்திரீ மடத்தில் இந்த வயதில் சேர்ப்பார்களா என்றெல்லாம் ஓடியது. வெட்கம்கூடப் பெரிதாக இல்லை. பயந்து ஓடிவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. போர்வைக்குள் அழுதேன், நடுவில் அந்தக் கொடி ஞாபகம் வந்து சிரித்தேன், மறுபடி அழுதேன். மம்மி ஓமத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை டாடி குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் வந்தார். ராஜாக்கள் தொழுவத்து வாசலில் காத்திருந்தார்கள்.

"மீட்டிங் இல்லையாம்மா?"

"இல்ல டாடி."

"அப்ப இன்னிக்கு நான் நிமிந்தே நடக்கலாம்" என்று சந்தோஷப்பட்டார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் காலிங் பெல் அடித்தது. நான் அடுக்களையில் இருந்தேன். மம்மி கதவைத் திறக்கிற சத்தம். பிறகு ஒரு குரல்.

"மேடம் இருக்காங்களாம்மா?"

கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. முகம் தெரியாதே தவிர, அந்தக் குரல் எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட்டில் அமுங்கிய முடி, காதோரம் கொஞ்சம் நரை, மூக்குக் கண்ணாடி, கையில் துணிப்பை. நான் மனசில் வரைந்துவைத்திருந்த முகம் வேறு. அந்த முகம் அந்த நொடியே மறந்துபோய்விட்டது.

மம்மி உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் எங்கள் வீட்டில் எந்த ஆணிடமும் முதலில் கேட்கப்படுகிற கேள்வியைக் கேட்டார்.

"எந்தப் பங்கு தம்பி?"

"கே.கே. நகர்மா."

"அங்க எந்தக் கோவில்?"

"வீட்டுப் பக்கத்துல பிள்ளையார் கோவில் கீது."

மம்மி முகத்தில் ஒரு லைட் அணைந்தது. நான் நடுவில் புகுந்தேன். வெட்கத்தில் வரவேண்டிய பேச்சு எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

"நேத்து ஏன் ஓடிப்போனீங்க?"

"ஓடலீங்க. சிரிச்சுட்டேன், மைக் ஆன்ல கீது. அவசரத்துல மீட்டிங்கையே மூடிட்டேன். உடனே பதில் போட்டேனே, பாக்கலியா?"

லேப்டாப்பைத் திறந்தேன். டேபின் தலையில் எண் முளைத்திருந்தது. சரியான பெட்டியில், ஒன்றன்கீழ் ஒன்றாக: "நாளைக்கே வரவா? ராஜாவோட சேந்து உள்ள வந்துடுறேன்." "ஓகேவா?" "மேடம்?" கடைசியாக, அன்று காலையில்: "ஹெட்செட் அனுப்பின அட்ரஸ்க்கு கிளம்பிட்டேன். வேணாம்னா வாசல்லயே சொல்லிடுங்க, திரும்பிடுறேன்."

நான் வாசலில் எதுவும் சொல்லவில்லை.

அவர் துணிப்பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே, மூக்குத்தியும் கண்டாங்கிச் சேலையுமாகக் காலை மடக்கி உட்கார்ந்தபடி, செட்டியாரம்மா.

"தனியா இவ்ளோ தூரம் நடந்து வந்தாரே" என்றார் டாடியைப் பார்த்து. "அதான்."

டாடி அந்தம்மாவை இரண்டு கையாலும் வாங்கினார். பூசையில் சாமியார் கையிலிருந்து நன்மை வாங்குகிற மாதிரி வாங்கினார். தரையில் மண்டியிட்டு, "வா தம்பி, நீயே உள்ள வை" என்று அவரையும் இழுத்து உட்காரவைத்தார். மம்மி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இது எங்கேருந்து தம்பி? கடையில ஜோடியாத்தானே தருவாங்க?"

"எங்க வீட்டு கொலுப் பொட்டிலேர்ந்து எடுத்தாந்தேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"அப்ப அங்க அவரு தனியா இருப்பாரே?"

"ஆமாங்க. அதுக்குத்தான் நீங்க எல்லாம் ஒருநாள் எங்க வீட்டுக்கு வரணும்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் அவர் காது சிவந்துபோனது.

மம்மி அடுக்களைக்குள் போய்விட்டார். பலகார டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. மீட்டிங்குக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று லேப்டாப் கூப்பிட்டது. பழக்க தோஷம், அழுத்திவிட்டேன். கடல் வந்தது, அலமாரி வந்தது, பெரிய இலை வந்தது.

"வயித்துவலி தேவலையா?" என்றார் மேனேஜர். "நம்ம சவுண்டு சார் நேத்து பாதியில போனவரு, இன்னிக்கு ஆப்சென்ட். யாராவது பாத்தீங்களா?"

நான் நாற்காலியை லேசாக நகர்த்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் இரண்டு தலைகள், ஒன்று வழுக்கை, ஒன்று ஹெல்மெட் முடி, குனிந்து செட்டியாரம்மாவை ஐயாவின் பக்கத்தில் சரிபார்த்து வைத்துக்கொண்டிருந்தன. அப்போது மம்மி ஒரு தட்டு நிறைய கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல்லும் அச்சுமுறுக்குமாகத் திரைக்குள் நடந்து வந்து, தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வர்றோம் தம்பி. உங்கம்மாகிட்ட நாங்க வர்றத மட்டும் சொல்லுங்க, பொம்மைய நான் பேசிக்கிறேன்."

என் மைக் திறந்துதான் இருந்தது. நான் அதை அணைக்கவில்லை.