தொட்டிலில் போட்ட கடிகாரம்

"...முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு சொல்றேன், இன்னும் என்னா எல்லாரும் உக்காந்திருக்கீங்க? ராகு காலம் போயிருச்சுலா! தட்டைத் தூக்குங்க!"

மச்சான் இடது கையை நெஞ்சுக்கு நேரே மடக்கி, கட்டியிருந்த கடிகாரத்தைச் சபைக்குக் காட்டியபடி நின்றார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சுங்கை சிப்புட்டில் அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, இளைய மகளுக்கு நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஆறு தாண்டியதும் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. மச்சான் கையில் மணி ஆறு ஐந்து.

ஊர் உலகத்துக்கு மணி ஐந்து நாற்பது.

கூடாரத்துக்குள் அத்தனை பைகளிலிருந்தும் கைபேசிகள் வெளியே வந்தன. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாத்துலயும் அஞ்சு நாப்பதுதாண்ணே காட்டுது," என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"போனுக்கு என்னா தெரியும்? இது சுவிஸ்!"

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மச்சான் இருபது வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டியவர். அங்கே வாங்கியது அது. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டியதில்லை, கை அசைகிற அசைவிலேயே ஓடும். அது வாங்கின விலைக்கு அந்தக் காலத்தில் நல்ல பழைய காடி, அதாவது கார், ஒன்று வாங்கியிருக்கலாம் என்று அவர் சம்சாரம் இன்றைக்கும் சொல்வார். அதற்கு மச்சானிடம் பதில் தயாராக இருக்கும்: "எங்கப்பா ரப்பர் தோட்டத்துலே இருக்கறப்ப மணி தொரைகிட்டே இருந்துச்சு. விடியறதுக்கு முன்னே அவன் மணியடிச்சா பெரட்டுக்கு, ஆள் எண்ணற எடத்துக்கு, ஓடிப்போயி பேரு குடுக்கணும். நேரத்தை எடுத்துத் தன் கையிலே கட்டிக்கிட்ட மொத ஆளு எங்க குடும்பத்துலே நான்தான்."

இப்படி ஒருவர் சொன்னால் அதற்குமேல் காடியைப் பற்றி என்ன பேசுவது?

அவர் யாரிடமும் மணி கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்லுவார், கேட்கமாட்டார். தபால் நிலையத்துக்குப் போனாலும் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் லேட்டு," என்று கவுண்டரில் இருக்கிற மலாய்க்காரப் பெண்ணிடம் புகார் கொடுத்துவிட்டுத்தான் தபால்தலை வாங்குவார்.

அறுபது தாண்டியதும் அவருக்கு ஒரு கவலை வந்தது. தனக்குப் பிறகு இதை யார் கட்டுவார்கள்? மூத்த மகள் ஈப்போவில் நர்ஸ். "வார்டுலே கையிலே எதுவும் கட்டக் கூடாதுப்பா," என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். இளையவள் இன்னும் சுருக்கம்: "அலமாக், தட்டு மாதிரி இருக்குப்பா!" மூத்த மாப்பிள்ளைக்குக் கல்யாணத்திலேயே வேறு கடிகாரம் கட்டியாகிவிட்டது. மிஞ்சியது வரப்போகிற மாப்பிள்ளை. நம்மவர்களிடம் பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டுகிற வழக்கம் இருக்கிறதல்லவா, மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். புதிதாக வாங்கப் போவதில்லை, தன்னுடையதையே கட்டப் போகிறார்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் இளையவள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அவரு அதைக் கட்டமாட்டாரு. பினாங்குலே கம்ப்யூட்டர் வேலை, காலையிலே ஓடறவரு. எத்தனை அடி ஓடுனாரு, நெஞ்சு எத்தனை வாட்டி அடிச்சிச்சு, ராத்திரி எவ்ளோ நேரம் தூங்குனாரு, எல்லாம் அந்தக் கறுப்பு வாட்சுதான் சொல்லும். கழட்டவே மாட்டாரு. கூட்டத்துலே வச்சு வேணாம்னுட்டா அப்பா தாங்குவாரா? நீங்க போயி பக்குவமா சொல்லுங்க மாமா."

போனேன். ஹாலில் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே மோட்டார் மாட்டி, ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, தம்மென்று ஏறி இறங்குமே, அந்த மின்சாரத் தொட்டில். மூத்தவளின் மூன்று வயசுக் குழந்தையோ சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மச்சான் தூங்கறா?"

மச்சான் வாயில் விரல் வைத்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். துணிக்குள் யாரும் இல்லை. பேத்தி கைக்கு எட்டாமல் மோட்டாருக்குக் கீழேயே, கொக்கியில், சின்னத் துண்டு ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே கடிகாரம்.

விஷயம் இதுதான். கிரேன் ஓட்டிய கை நாள் முழுக்க அசைந்தது, கடிகாரமும் ஓடியது. இப்போது மச்சான் காலையில் பேப்பரோடு உட்கார்ந்தால் எழுந்திருப்பது மத்தியானச் சோற்றுக்கு. பாவம், அது நின்று நின்று போனது. "வாட்சுக்கு ஒண்ணும் இல்லே மச்சான், ஆளுதான் ஓடலே," என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். போதாததற்கு, மாப்பிள்ளைக்குக் கட்டுவதென்று முடிவானதும் கீறல் விழக் கூடாதென்று கழற்றிவேறு வைத்துவிட்டார். நின்றுபோன கடிகாரத்தைக் கட்டினால் அபசகுனமாம். அதனால் தொட்டில்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் வேணுமா மச்சான்?" என்று பக்குவமாக ஆரம்பித்தேன்.

"வேணாம்னுதான் சொல்லுவானுங்க. ஒரு வாட்டி கட்டிப் பாக்கட்டும், அப்புறம் விடமாட்டானுங்க," என்றார். பிறகு தொட்டிலைப் பார்த்துக்கொண்டே, "விடமாட்டாந்தானே?" என்றார்.

எனக்குப் பக்குவம் எல்லாம் தீர்ந்துபோயிற்று. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கூடாரத்துக்கு வருவோம். மச்சான் தட்டைத் தூக்கச் சொல்கிறார், யாரும் தூக்கவில்லை. ராகு காலத்தில் தட்டு மாற்றினால் பிற்பாடு வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அதுதான் காரணம் என்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டார், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல்.

அப்போது மாப்பிள்ளை எழுந்து வந்தார். "மாமா, கொஞ்சம் காட்டுங்களேன்," என்று கை நீட்டினார். கழற்றிக் கொடுத்தார் மச்சான். மாப்பிள்ளை கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, கடிகாரத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். முள் பேய் பிடித்த மாதிரிச் சுற்றியது.

"காந்தம் ஏறியிருக்கு மாமா. உள்ளே மெல்லிசா ஒரு சுருள் இருக்கும். காந்தம் பிடிச்சா அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வேகமா ஓடும். மோட்டாரு, கீட்டாரு பக்கத்துலே எங்கயாச்சும் வச்சீங்களா?"

மச்சான் கூடாரத்தின் கம்பத்தை ஆராய ஆரம்பித்தார்.

"சொல்லுங்களேன்," என்றார் அவர் சம்சாரம். "ஒரு வாரமா பேத்தி தொட்டில்லே கட்டி ஆட்டுன கதையைச் சொல்லுங்களேன்! நேத்து ராராட்டுக்கூடப் பாடுனாரு."

"பாடலே! சும்மா சீட்டியடிச்சேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அத்தனை பேரும் சிரிக்கையில் மாப்பிள்ளை மட்டும் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எப்படித் தம்பி தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"நீங்க எனக்குக் கட்டப் போறீங்கன்னு உங்க மக சொன்னா மாமா," என்று அவர் மச்சானிடமே பதில் சொன்னார். "ஒரு வாரமா இதைப் பத்தித்தான் படிச்சேன். ஈப்போவிலே வாட்ச் கடைக்குக் கொண்டுபோனா ஒரு நிமிஷத்துலே காந்தத்தை எடுத்துருவாங்க. ஆனா பொய் சொல்ல மனசு வரலே. தினம் கட்டமாட்டேன் மாமா. நானும் நாற்காலியிலே உக்காந்தே இருக்கற ஆளு, என் கையிலயும் இது நின்னுரும்."

இளையவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"வருஷத்துக்கு நாலு நாளு கட்டுவேன். பொங்கல், தீபாவளி, கல்யாண நாளு, அவ பொறந்தநாளு. அதுக்கு வாக்குக் குடுக்கறேன்."

"மிச்ச நாளெல்லாம்?"

"தொட்டில் வேணாம் மாமா."

மறுபடியும் சிரிப்பு. மச்சான் சிரிக்கவில்லை. வாயைக் குவித்துக்கொண்டு யோசித்தார். தோட்டத்துத் தொரையிடமிருந்து அவர் பிடுங்கி வந்த நேரம்! அதை வருஷத்துக்கு நாலே நாள் கட்டுகிறேன் என்கிறான் ஒரு பிள்ளை, அதையும் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

"அஞ்சு," என்றார் மச்சான். "தைப்பூசத்தையும் சேத்துக்க."

"தைப்பூசக் கூட்டத்துலே யாராச்சும் கழட்டிக்கிட்டுப் போயிட்டா?"

"அப்ப என் பொறந்தநாளு."

"சரி மாமா. அஞ்சு."

மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்திலிருந்து கையை எடுத்தார். பேச்சு எங்கெங்கோ போனது, யாரோ பலகாரம் கொண்டுவந்தார்கள், மூத்தவள் தன் குழந்தையைத் தேடிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கையிலிருந்த கறுப்பு வாட்ச் உறுமியது. "ராகு காலம் முடிஞ்சிருச்சு மாமா," என்று சொல்லி, அதைக் கழற்றி வலது கையில் மாட்டிக்கொண்டு இடது கையை நீட்டினார்.

மச்சான் கடிகாரத்தை எடுத்தார். உடனே கட்டிவிடவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மணி திருத்துகிற ஓரத்துச் சாவியை நகத்தால் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உன்னுதுலே இப்ப மணி எத்தனை?" என்று கேட்டார்.