டிசி வாங்க வந்தவர்

தாம்பரத்தைத் தாண்டி ஏரிக்கரையோரம் இருக்கும் சின்ன ஊராட்சிப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியை. மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைச் சேர்ப்பேன். ஜூனில் அந்த ஊர்ப் பெயிண்டர் வந்து நிற்பார். கையிலும் தலைமுடியிலும் பெயிண்ட் துளிகள் காய்ந்திருக்கும். செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். எத்தனை முறை சொன்னாலும் உட்கார மாட்டார்.

மூத்த மகளை இரண்டாம் வகுப்பு முடிந்ததுமே தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார். இந்த வருஷம் இரண்டாம் வகுப்பு முடித்த மகனுக்கும் டிசி கேட்டார்.

"நல்லாதானே படிக்கிறான்? அப்புறம் எதுக்குங்க டிசி?"

"நல்லா படிக்கறதாலதான் டீச்சர். அங்க பரீட்சை வச்சாங்க. தமிழு, இங்கிலீசு ரெண்டும் கடகடன்னு படிச்சிட்டான். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இன்னும் ரெண்டு பிள்ளைங்க குறைஞ்சா இங்க ஒரு டீச்சரை வேற ஊருக்கு மாத்திடுவாங்க, தெரியுமா?"

"ஐயோ, அப்படிலாம் வுட்றாதீங்க டீச்சர்!" நிஜமாகவே பதறிப்போனார். முதுகுக்குப் பின்னால் நின்ற கடைசி மகளை முன்னால் இழுத்தார். "இவள ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துக்கங்க. இவளையும் அதே மாதிரி ரெடி பண்ணிக் குடுத்துடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மகனுக்கு டிசி எழுதினேன். அதே பேனாவால் மகளின் சேர்க்கைப் படிவத்தையும் நிரப்பினேன்.

எங்கள் பள்ளியை அவரளவுக்கு நம்புகிறவர் அந்த ஊரில் வேறு யாருமில்லை. அந்த நம்பிக்கை ஏன் இரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.