தேங்காய் உடைத்துப் பிடித்த படம்

சித்தூருக்குக் கிழக்கே மருதாத்தாளைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்நூறு பேர் விருந்துக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லுவாள். அப்படிப்பட்டவள் சினிமாச் சுருளை வெட்டி ஒட்ட உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பசுமாடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவள் புருசன் ரத்தினசாமி புதுவீடு கட்டினார். ரேடியோக் கடை ஜப்பாரின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன சினிமா கேமராவை இரவல் வாங்கி, வீடு புகும் விசேஷத்தைத் தானே படம் பிடித்தார். அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. அதைத் தனியாகக் கேசட்டில் பிடிக்க வேண்டும். ஒரு சுருள் மூன்று நிமிசம்தான் ஓடும். பன்னிரண்டு சுருள் ஆயிற்று. பம்பாயில் கழுவி வந்தவற்றைக் கேசட்டுகளோடு ஒரே கோணிப்பையில் போட்டுவைத்தார். எது முன், எது பின் என்பது அவருக்கே மறந்துவிட்டது. குத்துமதிப்பாக ஒட்டி, கொப்பரை ஷெட்டின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, சொந்தபந்தத்தைக் கூட்டி ஓட்டினார்.

திரையில் அவருடைய பெரியப்பா குப்பண்ணன் வாழ்த்திப் பேச எழுந்தார். வாயைத் திறந்ததும் "ம்ம்மா" என்று பசு கத்தியது. பிறகு பசு வாசல்படி தாண்டி வந்து, அசைபோட்டபடியே, "இந்த ஊடு வாழையடி வாழையாத் தழைக்கோணும்" என்று குப்பண்ணன் குரலில் வாழ்த்தியது.

சனம் உருண்டு சிரித்தது. குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், ஒரு வருசம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த தையில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மருதாத்தாள் நேரே போய் நின்றாள்.

"பெரிய மாமா, இந்தத் தடவ படத்தெ நான் பார்த்துக்கறனுங்க."

"மாட்டெக் கட்டிப்போட்டுட்டு வா," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள்: "எலைக்குத் தக்கன அரிசி அளக்கறோமில்லீங்க? முதல்ல என்னென்ன புடிக்கறோம்னு சொல்லுங்க." பத்துச் சுருள் என்று முடிவாயிற்று. முறுக்கு டின் பத்து எடுத்துச் சுண்ணாம்பால் எண் போட்டாள். ஒரு சுருளும் அதன் கேசட்டும் ஒரே டின்னில்.

"சரி, பேச்சு எங்கெ ஆரம்பிக்குதுன்னு எப்படிப் புள்ள கண்டுபிடிக்கறது?" என்றார் ரத்தினசாமி.

"ஒவ்வொரு சுருளு ஆரம்பத்துலயும் கேமரா முன்னால ஒரு தேங்கா ஒடைங்க. படத்துல தேங்கா பொளக்கறதும் டேப்புல 'டொப்'புங்கறதும் ஒண்ணாச் சேர்ந்துட்டா, அப்பறம் வாயும் பேச்சும் சேர்ந்தே போகுமில்லீங்க."

யோசனை சரியாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சொல்ல மறந்துவிட்டாள். முதல் தேங்காய் உடைந்ததும் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் என்று நினைத்து ஊதினார். சனம் அட்சதை எறிந்தது. இரண்டாவது தேங்காய்க்கும் எறிந்தது. மூன்றாவதற்கு, தலையெல்லாம் அரிசியாக உட்கார்ந்திருந்த குப்பண்ணன் திரும்பி, "ஒரே பொண்டாட்டியெ எத்தனை தடவ கட்டி வெப்பே?" என்று கேட்டார். ஆறாவதற்குள் பந்திக்கு வைத்த அரிசியில் தட்டுப்பாடு வந்துவிட்டது. பழனாத்தாள் என்கிற கிழவி கேமராவுக்குத் திருநீறு பூசியதில், ஏழாம் சுருள் முழுக்க மூடுபனியாகப் பதிந்தது.

சுருள்கள் கழுவி வந்ததும் மருதாத்தாள் ஜப்பாரோடு உட்கார்ந்து வெட்டி ஒட்டினாள். தேங்காய்க்குத் தேங்காய் பொருந்தியது. ஆனால் சுருள் முடிவதற்குள் பேச்சு பின்தங்கிற்று.

"படம் ஓடற வேகம் வேற, டேப்பு வேகம் வேற அக்கா," என்றார் ஜப்பார். "புரொஜெக்டர்ல வேகத்துக்கு ஒரு திருகு இருக்கு."

அதே கொப்பரை ஷெட்டில் படம் ஓடிய முப்பது நிமிசமும், அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைப்பதுபோல, வாயைப் பார்த்துப் பார்த்து அந்தத் திருகில் கை வைத்திருந்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

திரைக் குப்பண்ணன், வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்தார். நாற்காலிக் குப்பண்ணன் திரைப் பக்கம் கையை நீட்டினார்.

"இது என்ற கொரலில்ல," என்றார். "யாரோ மூக்கால பேசறான்."

அவர் மனைவி கமலாத்தாள், "நாப்பது வருசமா நான் கேக்கறது இதேதானுங்க," என்றாள். குப்பண்ணன் அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு மறுபடியும். நாலாவது தடவை புரொஜெக்டர் பல்பு போய்விட்டது. மருதாத்தாள் சாக்கை அவிழ்த்து ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். குப்பண்ணன்தான் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார்.