நீ வருவது சந்தோஷம்

விழுப்புரத்தில் ரயிலேறியதிலிருந்து எதிர் இருக்கைப் பெரியவர் மீசையைத் துடைத்துத் துடைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஸ்பானிஷுங்க. என் மருமக ஸ்பெயின்காரப் பொண்ணு, மொதமொத வீட்டுக்கு வருது. ‘நீ வர்றது சந்தோஷம்’னு சொல்லக் கத்துக்கினு இருக்கேன். சும்மா ‘நீ வர்ற’ன்னா வியெனெஸ். அதுல நமக்கு சந்தோஷம்னா, வெங்காஸ்னு மாத்தணும்."

விக்கிரவாண்டி தாண்டியதும் மகனிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மருமக இந்த வருஷமும் வரலையாம்" என்றார். பிறகு அவராகவே, "நீ வராதது வருத்தம்னு சொல்றதுக்கும் அதே வெங்காஸ்தாங்க. முன்னாடி ஒரு ‘நோ’ போட்டா போதும்" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது. கூட்டத்தோடு இறங்கிப் போனார். தமிழில் அவருக்குச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது என்று இன்றும் தெரியவில்லை.