அன்னத்தை யார் கண்டது?

எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பித்த பரீதா டீச்சர் காலமான செய்தி இடைவேளையில் வந்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இன்னாலில்லாஹி" என்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. யாருக்கு என்று அறிய மேலே தள்ளிக்கொண்டே போனேன். அவர் நோயில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெயர் அங்கே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு சண்டை பிடித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டும் பெரிய கூட்டம்தான்.

பட்டதாரி நியமனத்தில் நான் இங்கே வந்த புதிது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போய் வந்த பிறகும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அதிபர் என்னைக் கூப்பிட்டார். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது, பரீதா டீச்சர் இன்னும் உவமையை விட்டு நகரவில்லை என்று பெற்றோர் முறையிட்டிருந்தார்கள். "பின்னுக்கு இருந்து பாத்திட்டுச் சொல்லுங்க. சரிவராட்டி அந்த வகுப்ப நீங்கதான் எடுக்கணும்" என்றார்.

போய்ப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தேன்.

"என்ன தங்கச்சி, வேவு பாக்கவா அனுப்பின?" என்றார் பரீதா டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள். "அதுல வெயில் அடிக்கும். இஞ்சால வந்து இரிங்க, நல்லாத் தெரியும்."

இரண்டு பொருள், நடுவில் 'போல' என்று ஒரு சொல். இதைக் கண்டால் கோடு போடு. எனக்கு உவமையை அப்படித்தான் படிப்பித்தார்கள். அவர் வேறெங்கோ தொடங்கினார்.

"பெருநாள் பிறை கண்டெண்டு ஒராள் பள்ளிவாசலுக்கு ஓடி வந்தா என்ன கேப்பாங்க?"

"எந்தப் பக்கம் கண்ட?" "எப்படி வளைஞ்சிருந்த?" "முகில் இருந்தயா?" என்று வகுப்பே கத்தியது.

"உவமை சொல்ற ஆளும் சாட்சிதான். சும்மா விடாதீங்க, கேளுங்க."

ஸஹ்லா என்ற மீனவர் வீட்டுப் பிள்ளை எழுந்து, "வலையில் நெத்தலி உடைந்த கண்ணாடி போல மினுங்கியது" என்றாள். பிள்ளைகளின் விசாரணை தொடங்கியது.

"எந்நேரம் கண்ட?"

"சுபஹோட, விடிய முந்தி."

"அப்ப வெயில் இல்லயே, என்னெண்டு மினுங்கின?"

"வாப்பாட கையில டோர்ச் இருந்த."

"உடஞ்ச கண்ணாடி கையக் கீறும். நெத்தலி கீறுமா?"

ஸஹ்லா யோசித்தாள். "நான் மினுங்கினதுக்கு மட்டும்தான் சொன்ன. கீறுறதுக்குச் சொல்லல்ல."

பரீதா டீச்சர் கை தட்டினார். பொதுத்தன்மை என்ற சொல்லை நான் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு மாதிரிப் பரீட்சை வந்தது. உவமை உள்ள வசனங்களுக்குக் கோடிட வேண்டும். 'அன்னம் போல நடந்தாள்' என்ற வசனத்தை வகுப்பில் பெரும்பாலானோர் தொடவேயில்லை. நஸீர் என்ற பையன் ஓரத்தில் 'சாட்சி இல்லை' என்று எழுதியும் வைத்திருந்தான்.

பெற்றோர் கூட்டம் கொதித்தது. "அன்னத்தக் காண எங்கட புள்ளைகள் எங்க போற டீச்சர்? பறவை பாக்கப் பொத்துவிலுக்கா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பரீதா டீச்சரும் சிரித்துவிட்டு, "பிழை என்ட பக்கம்தான்" என்றார். வகுப்பு அவர் கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் வந்து நின்றதும் கேட்டார்.

"நம்மட ஊர்ல முகில் மூடினா நமக்குப் பெருநாள் இல்லயா?"

"வேறூர்ல கண்டா நமக்கும் பெருநாள்தான் டீச்சர்!"

"அன்னத்தையும் முந்தி ஆரோ ஒராள் கண்டிருக்கான். நமக்கு முகில் மூடினா அவன் பொய்யனா?"

"இல்ல டீச்சர்!" என்றது வகுப்பு. நஸீர் மட்டும் விடவில்லை. "அவன் உண்மையாக் கண்டானா எண்டு எப்படித் தெரியும் டீச்சர்?"

அவர் சாக்கட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுதான்டா மகன் எனக்கும் தெரியா. வா, தேடுவம்."

ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆசிரியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றைக்கே அதிபர் என்னிடம் கேட்டார். "அந்தப் புள்ளைகள் வசனத்தப் புடிச்சு விசாரிக்கிறாங்க சேர். எனக்கு அப்படிப் படிப்பிக்கத் தெரியா. வகுப்பு அவங்ககிட்டயே இருக்கட்டும். நான் பின்வரிசை வாங்குல இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "சரி, இரிங்க" என்றார்.

அடுத்த மாதிரிப் பரீட்சையில் அன்னத்துக்கு எல்லோரும் கோடு போட்டார்கள். நஸீரும் போட்டான், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. அதற்குப் புள்ளி குறைக்க வேண்டாம் என்று பரீதா டீச்சர் வாதாடினார். நோய் முற்றிப் படுக்கும்வரை அந்த வகுப்பு அவரிடமே இருந்தது.

இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய துணிவு எனக்கு வரவில்லை, பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் பகிடியும் வராது. காணாததைக் கரும்பலகையில் எழுதக் கை கூசுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கூச்சம் ஒன்றுதான். நேற்று மாலை உம்மாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

"கடலப் பத்திப் படிப்பிக்கக் கடலுக்கே வரணுமா மகள்? இதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்று கேட்டார் உம்மா.

"வராமலும் படிப்பிக்க ஏலும் உம்மா. புள்ளைகள் விடமாட்டாங்க" என்றேன்.

உம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப வா, கிட்டப் போய்ப் பாப்பம்."