அலமாரிக்குள்ளிருந்து சொன்ன பதில்

அத்தை கேபினெட் படிக்க ஆஸ்திரேலியா போகிறார் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அவர் மந்திரியாகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மலாய்ச் செய்தியில் கேபினெட் கேபினெட் என்று சொல்லிவிட்டு மந்திரிகளைத்தானே காட்டுகிறார்கள்? தமிழ்ப்பள்ளியில் அப்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தேன். ஆசிரியை அம்மாவைப் பார்த்து விசாரிக்கும் அளவுக்கு அது போய்விட்டது.

"மந்திரியெல்லாம் இல்ல டீச்சர், அலமாரி செய்யப் படிக்கப் போறாங்க" என்று அம்மா சிரித்தபடி சொன்னதும் எனக்கு மானமே போனது. அலமாரி செய்ய எதற்கு விமானம் ஏறவேண்டும்? அத்தைக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே!

அத்தை அப்பாவின் தங்கை. சுங்கை காடுட்டில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கும் வேலையில் சேர்ந்து, மேசை நாற்காலிகளைப் பொருத்திப் பூட்டுகிற பகுதிக்கு உயர்ந்தவர். கல்யாணமாகித் தெமியாங் என்ற ஊரில் இருந்தார். ஒருநாள் ஒரே ஒரு பையோடு மம்பா ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "அத்தைக்கு லீவு" என்றார் அம்மா. லீவு மாதக்கணக்கில் நீண்டது. அத்தை என் அறையில் படுத்ததால் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா, அதாவது அத்தையின் கணவர், மோட்டார் சைக்கிளில் வருவார். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். எனக்கு ஒரு சாக்லேட் நிச்சயம் இருக்கும். அப்பா போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே வந்து, "மாப்பிள்ளை திருந்திட்டேன்னு சொல்றாரு லா" என்பார். அத்தை குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். மாமா அத்தைமேல் கைநீட்டுகிறவர் என்பதை நான் பெரியவளான பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

அந்த லீவில்தான் அத்தை ஓர் அலமாரி செய்தார். தொழிற்சாலையில் கழித்த ரப்பர் மரப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அறுத்து, தேய்த்து, ஓர் ஆணிகூட அடிக்காமல் ஒன்றோடொன்று கோத்து நிறுத்தினார். மேலே இரண்டு இழுப்பறை, கீழே கதவு வைத்த பெரிய அறை. அதைப் படம் எடுத்துத்தான் மெல்பர்னில் ஒரு தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். இரண்டு வருடப் படிப்பு. அதற்குள் மாப்பிள்ளையின் கோபமும் ஆறிவிடும், திரும்பி வந்து சேர்ந்து வாழ்ந்துகொள்வாள் என்று அப்பா சம்மதித்தார்.

வெளிநாட்டு மாணவர்களைக் கல்லூரிக்காரர்கள் கணினியில் முகம் பார்த்து நேர்காணல் செய்வார்களாம். இரண்டு கேள்வி கட்டாயம் வரும் என்று விண்ணப்பத்துக்கு உதவிய ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஏன் இந்தப் படிப்பு? முடித்ததும் நாட்டுக்குத் திரும்புவாயா? திரும்பமாட்டேன் என்றால் இடம் கிடையாதாம். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பதில் ஒப்பித்தார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது. திரும்பி வருவேன், ஊரில் சொந்தமாகப் பட்டறை வைப்பேன், நாலு பேருக்கு வேலை கொடுப்பேன்.

ஆனால் நேர்காணலுக்கு முதல் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை தமிழில் வேறொன்று சொன்னார்.

"நான் போனா திரும்பி வரமாட்டேன் அண்ணி."

அம்மா மடித்த துணியை எடுத்து வைத்துவிட்டு, "வராதம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு அத்தையைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கடைசித் துண்டு மீனை அத்தையின் தட்டில் வைக்கிறவர், வராதே என்கிறார். அதைக் கேட்ட அத்தை கோபப்படாமல் அம்மாவின் தோளில் சாய்ந்துகொள்கிறார். இதில் யார் யாருக்கு எதிரி?

மறுநாள் என்னைப் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகிற மாதிரிப் போய், பின்வாசல் வழியாக வந்து அலமாரிக்குள் ஒளிந்துகொண்டேன். அதைக் காட்டுவதற்காகத் துணிகளை எடுத்துக் காலியாக வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே பாலிஷ் வாசம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் குரல் கேட்டது. அத்தை தடுமாறாமல் பதில் சொன்னார். பிறகு அந்த அம்மாள் அலமாரியைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை மடிக்கணினியைக் கையில் தூக்கி வந்து இழுப்பறையைக் காட்டினார், மூலைப் பொருத்தைக் காட்டினார், "உள்ளே பாருங்கள்" என்று கதவைத் திறந்தார்.

உள்ளே நான்.

அத்தை கணினியைக் கீழே போடாத குறைதான். அந்தப் பெண்மணிதான் முதலில் சிரித்தார். பலமாகத்தான் கட்டியிருக்கிறீர்கள் என்றார். நான் யார் என்று கேட்டுவிட்டு என்னிடமே பேசினார். அத்தை போனால் உனக்கு வருத்தமாக இருக்குமா? கவலைப்படாதே, படித்ததும் வந்துவிடுவார், இல்லையா?

கேள்வி எனக்குப் புரிந்தது. சரியான பதில் ஆங்கிலத்தில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அத்தனை முகங்களைப் பார்த்ததும் வந்தது தமிழ்தான்.

"வரமாட்டாங்க."

சமையலறை வாசலில் நின்ற அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சீக்கிரம் வந்துவிடுங்கள் என்கிறாள்" என்றார் ஆங்கிலத்தில்.

நேர்காணல் முடிந்ததும் எனக்கு அடி நிச்சயம் என்று அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. வெளியே லோரி கழுவிக்கொண்டிருந்த அப்பா மட்டும் வாசலில் வந்து நின்றார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது.

"வரமாட்டேன்னா சொன்னே?" என்று அத்தையைக் கேட்டார்.

"ஆமாண்ணே."

 அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் காரமாய்ப் பிரட்டிய மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வந்தார். நான் உண்மையைச் சொன்னதற்கா, அத்தை அதைப் பொய்யாக மாற்றியதற்கா, எதற்காக அந்த மீ கோரேங் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அத்தைக்கு இடம் கிடைத்தது. போனார். இன்று மெல்பர்னில் வீடுகளுக்குச் சமையலறை அலமாரிகள் செய்து பூட்டுகிறார். இந்த ஊருக்கு இன்னும் வரவில்லை.

அத்தை விமானம் ஏறிய அடுத்த ஞாயிறு மாமா வழக்கம்போல வந்தார். அப்பா கேட்டருகே போனார். நானும் சாக்லேட்டுக்காகப் பின்னால் போனேன்.

"படிக்கப் போயிட்டாளாமே. எப்ப வருவா?" என்றார் மாமா.

நான் வாயைத் திறக்கவில்லை. போன முறை பட்டது போதும் என்றிருந்தது. வருவார் என்பதுதான் சரியான பதில், அப்பா அதைச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரமாட்டா" என்றார் அப்பா. "நீங்களும் இனிமே இங்க வராதீங்க."

கேள்வி அதேதான். அங்கே ஒரு பதில், இங்கே இன்னொன்று.  மாமா சாக்லேட்டை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கேட்டின் கம்பி மேல் வைத்துவிட்டு, மோட்டாரைத் திருப்பினார். பாவம், அவருக்கு யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். செம்பனைகளுக்கு நடுவே அவர் போய் மறையும்வரை கையை ஆட்டினேன். அம்மா ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். உடனே கேட்டை இழுத்துப் பூட்டினார்; பட்டப்பகலில் எதற்கு அது என்று எனக்குப் புரியவில்லை.